கணைய உத்தியோகம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வணக்கம். வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை. இந்த வேலைக்கு ஒருவரும் விண்ணப்பம் போடுவதில்லை. பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, மெலிந்துகொண்டு போகிறது என்று வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவீர்கள். திரும்பி வரும்போது நீங்கள் ஒரு கணையம்.

எங்கள் மகள் ஆரணிக்குச் சின்ன வயதிலேயே முதலாம் வகைச் சலரோகம் என்ற நீரிழிவு வந்தது. அவளுடைய கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. அது விட்ட வேலையை, நீதிமன்றங்கள் சூழ்ந்த புதுக்கடையில் காணி உறுதிப் பத்திரம் எழுதிப் பிழைக்கும் சட்டத்தரணியான நான், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் தட்டில் இருந்துகொண்டு செய்துவந்தேன். இந்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். நானாகப் போகவில்லை, அனுப்பிவைத்தார்கள். புதிய பெற்றோருக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கிளினிக் வைத்தியர் கேட்டார். பயன்படுமோ தெரியாது. ஆனால் எழுதினால் கை நடுக்கம் கொஞ்சம் குறையும் என்று மனைவி சொல்கிறாள்.

ஊசி போடுவதையும் விரலில் குத்திப் பார்ப்பதையும் தாதியர் உங்களுக்குக் காட்டித் தந்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. அது சுலபமான பகுதி. கஷ்டமான பகுதி மனிதர்கள். அதிலும் நல்ல மனிதர்கள்.

முதல் வருடம் சொந்தக்காரர்கள் வருவார்கள். கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த குவளை கொண்டுவருவார்கள். அதில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடித்தால் சீனி இறங்குமாம். எங்கள் வீட்டில் அந்தக் குவளைகள் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. பேனை, சீப்பு, குடைக்கம்பி எல்லாம் அதற்குள்தான். பிறகு, சீனி வருத்தம் யாருடைய பக்கத்திலிருந்து வந்தது என்ற விசாரணை தொடங்கும். என் வீட்டாரும் மனைவி வீட்டாரும், எல்லைத் தகராறில் இரு காணிக்காரர் நிற்பதுபோல நின்று, "எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை" என்று மாறி மாறிச் சத்தியம் செய்தார்கள். இரு தரப்பிலும் சத்தியம் செய்தவர்களில் பாதிப்பேர் காலையில் சீனிக்கு மெற்ஃபோர்மின் போட்டுவிட்டு வந்தவர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. இடியப்பத்தை நிறுத்துக் கொடுப்பதற்காக எப்போதும் ஒரு சின்ன டிஜிற்றல் தராசு சட்டைப் பைக்குள் வைத்திருப்பேன். ஒரு கலியாணப் பந்தியில் அதை எடுத்து, இலையில் இருந்த சோற்றை நிறுத்துக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பின்னால் வந்து குனிந்து, "ஐயா நகைக்கடையோ? தாலிக்கொடியை ஒருக்கா நிறுத்துப் பாத்துச் சொல்லேலுமே? எங்களுக்கு ஒரு சந்தேகம்" என்றார். நிறுத்துக் கொடுத்தேன். அந்தக் கலியாணத்தில் அதற்குப் பிறகு நடந்தவை வேறு கதை.

இப்படி உங்களுக்கும் நடக்கும். சிரித்துவிட்டுப் போங்கள். நான் சொல்ல வந்தது சிரிக்க முடியாத ஒன்று. நடந்த விதத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வைத்தியர் முதல் சந்திப்பிலேயே இரண்டு ஆபத்துகளைச் சொன்னார். இரத்தத்தில் சீனி ஏறுவது ஒன்று, இறங்குவது மற்றது. ஏறுவது மெல்ல மெல்லக் கெடுக்கும். இறங்குவது நின்ற இடத்தில் ஆளை விழுத்தும். இறங்கும்போது சீனிதான் மருந்து, உடனே கொடுக்க வேண்டும், யோசிக்கக்கூடாது என்றார். நான் தலையாட்டினேன். பிறகு வீட்டுக்கு வந்து வேலையைப் பிரித்தேன். ஏறாமல் பார்ப்பதை ஊருக்குக் கொடுத்தேன். இறங்கினால் பார்ப்பதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். சீனி கொடுக்கும் அதிகாரத்தைப் பலர் கையில் விடப் பயமாக இருந்தது. விட்டால், பிள்ளை அழுத உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஊருக்குக் கொடுத்த பகுதியை நான் கவனமாக வரைந்தேன். என் தொழில் அது. உறுதி எழுதுகிறவனுக்கு ஓட்டை என்றால் நித்திரை வராது.

முதலில் சொன்னது சின்ன விதி. ஆரணிக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஒன்றும் கொடுக்க வேண்டாம். எங்கள் தொடர்மாடியின் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் பாரூக் நானாவிடமும், மூன்றாம் தட்டில் இருக்கும் மனோ அன்ரியிடமும் சொன்னேன். மனோ அன்ரி ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. அவரிடம் ஒன்று சொன்னால் கட்டடம் முழுவதற்கும் சொன்னதுபோல.

கொஞ்ச நாளில் ஆரணி கடைக்குப் போய், "அப்பா தரச் சொன்னவர்" என்று சொக்லேட் வாங்கித் தின்றுவிட்டாள். விதியைத் திருத்தினேன். நான் சொன்னதாக அவள் சொன்னாலும் கொடுக்க வேண்டாம். அடுத்ததாக அவள் குரலைத் தடிப்பாக்கி, "நான் ஆரணியின்ட அப்பா கதைக்கிறன்" என்று கடைக்குத் தொலைபேசி எடுத்து ஐஸ்கிறீம் அனுப்பச் சொல்லியிருக்கிறாள். நானாவும் அனுப்பியிருக்கிறார். மறுபடி திருத்தினேன். நானே தொலைபேசியில் சொன்னாலும் கொடுக்க வேண்டாம். அவளுடைய பிறந்தநாளன்று நானே இளகிப்போய், நானாவின் கடையில் நின்று சிவப்புச் சோடா வாங்கிக் கொடுத்தேன். அன்று பின்னேரம் முழுக்க எண் இறங்கவேயில்லை. அடுத்த நாள் போய்க் கடைசித் திருத்தத்தைச் சேர்த்தேன்.

"நானே நேரில வந்து கெஞ்சினாலும் குடுக்காதேங்கோ."

பாரூக் நானா நெஞ்சில் கை வைத்தார். "சேர், என்ட உம்மா மேல சத்தியம். நீங்க அழுதாலும் குடுக்கமாட்டேன்."

மனோ அன்ரி, "இப்பதான் தம்பி நீர் ஒழுங்கா ஒரு விதி போட்டிருக்கிறீர்" என்றார். வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். எனக்கும் பெருமைதான். புகுந்து வெளியே வர ஒரு இடைவெளியும் இல்லாத விதி.

அந்த விதியின் கீழ் நாங்கள் பல வருடம் நன்றாகத்தான் வாழ்ந்தோம். இரண்டாம் தட்டில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கு ஆரணி உள்ளே வந்தபோது, அங்கிருந்த பிள்ளைகள் எல்லோரும் கேக் தட்டுகளோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். அவள் போகும்வரை அறை முழுக்க முதுகுகள். கோயிலில் ஐயர் அவளுக்குப் பூ மட்டும் கொடுத்துவிட்டு, பஞ்சாமிர்தக் கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொள்வார். எங்கள் வீட்டுச் சீனிப் போத்தல் இரும்பு அலுமாரிக்குள், மனைவியின் கூறைச் சேலைக்குக் கீழே இருந்தது. சாவி என் காற்சட்டைப் பையில். மனைவி தேத்தண்ணீருக்குச் சீனி வேண்டுமென்றால் என்னிடம் கேட்டு, நான் திறந்து, அவள் ஒரு கரண்டி எடுத்து, நான் பூட்டுவேன். அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். வேலைக்குப் போவதே அங்கே நிம்மதியாக ஒரு தேத்தண்ணீர் குடிக்கத்தான் என்று சொல்வாள்.

ஆரணியின் புத்தகப் பையில் நான் குளுக்கோஸ் வில்லைகள் வைப்பேன். ஒரு தடவைக்குப் போதுமானது மட்டும். கூட வைத்தால் தின்றுவிடுவாள் என்ற பயம். மிச்சம் என் பையில்.

இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மேல் கையில் வட்டமாக ஒரு சென்சர் ஒட்டியிருக்கிறாள். கனடாவில் இருக்கும் என் தம்பி அனுப்புவது. அவளுடைய சீனி அளவு அவளுடைய தொலைபேசியிலும் என்னுடையதிலும் வரும். மிகவும் இறங்கினால் ஒரு சத்தம் போடும். அம்புலன்சுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் நடுவில் ஒரு சத்தம்.

அன்று புதுக்கடையில் என் அறையில் ஒரு காணி உறுதிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது அந்த ஆட்டுக்குட்டி கத்தியது. எண் அறுபதுக்குக் கீழே. பக்கத்தில் கீழ்நோக்கி இரண்டு அம்புக்குறி. உடனேயே அவளுடைய அழைப்பும் வந்தது.

"அப்பா, கை நடுங்குது. வலைப்பந்துப் பிராக்டிஸ்ல இறங்கினது, வில்லை எல்லாம் போட்டிட்டன். பஸ்ஸில இடமில்லை. பம்பலப்பிட்டியில இருந்து நடந்து வந்தனான். இப்ப திரும்ப இறங்குது."

"எங்க நிக்கிறாய்?"

"எங்கட தொடர்மாடிக்குக் கீழ. நானாவின்ட கடையடியில."

"மேல போகாதை. நானாட்டச் சோடா வாங்கிக் குடி. இப்பவே."

"மேல போயும் என்ன செய்ய? சீனியைத்தான் நீங்கள் பூட்டி வச்சிருக்கிறியள்."

அம்புலன்சுக்குச் சொல்லும்படி, பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த என் லிகிதரிடம் கத்திவிட்டு, கட்சிக்காரரைப் பேனையும் கையுமாக விட்டுவிட்டு ஓடி, வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறினேன். மனைவிக்கு அழைத்தால் எடுக்கமாட்டாள் என்று தெரியும். அன்று பரீட்சை மேற்பார்வை, தொலைபேசி அதிபரின் அறையில். அழைப்பைத் துண்டிக்காமல் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் நடந்தது கேட்டது.

"நானா, சிவப்புச் சோடா ஒண்டு. கெதியா."

"மகள், நான் அப்பாக்கு வாக்குக் குடுத்தீக்கேன்."

"அப்பாதான் லைன்ல நிக்கிறார்!"

"அதுவும் அப்பா சொன்னார் மகள். போன்ல அப்பா வந்தா நம்ப வேணாம் எண்டு."

அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "பாரூக் நானா, நான்தான்! குடுங்கோ!" என்று கத்தினேன்.

"மாஷா அல்லாஹ்," என்றார் நானா. "குரல் அப்படியே ஈக்கிது. போன முறைய விட நல்லம்."

ஆரணி வீடியோ அழைப்புக்கு மாற்றினாள். திரையில் நானாவின் முகம் தெரிந்தது. ஓட்டோவுக்குள் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"சேர், இப்ப நீங்கதான் எண்டு தெரியிது. ஆனா நீங்க நேர்ல வந்து கெஞ்சினாலும் குடுக்க வேணாம் எண்டு நீங்கதானே சொன்ன. நான் உம்மா மேல சத்தியம் பண்ணீக்கேன் சேர். என்னய சோதிக்க வேணாம்."

அந்த நேரம் பார்த்து மனோ அன்ரி கறிவேப்பிலை வாங்க வந்தார். அவருடைய குரல் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. படித்தவர், விளங்கிக்கொள்வார்.

"அன்ரி, ஆரணிக்குச் சீனி இறங்குது. சோடா குடுக்கச் சொல்லுங்கோ!"

திரையை அவருடைய மூக்குக்கண்ணாடி நிறைத்தது. "தம்பி, நீர் இப்ப கெஞ்சுறீரோ?"

"ஓம் அன்ரி, கெஞ்சுறன்!"

"அதைத்தான் தம்பி நீர் அண்டைக்கே சொன்னனீர். உமக்கே உம்மைப் பற்றி நல்லாத் தெரிஞ்சிருக்கு."

"விதி போட்டவனுக்கு அதை நீக்கிற உரிமை இருக்கு அன்ரி!"

"அப்பிடியெண்டால் ஏன் போட்டனீர்? பிள்ளை அழுகுதெண்டு பரீட்சையைத் தள்ளிப் போடேலுமே?"

நான் வாதாடிப் பிழைக்காவிட்டாலும் சட்டம் படித்தவன். அவர் சொன்னது சட்டப்படி சரி. நான் வரைந்த விதியில் விலக்கு என்று ஒரு வரி இல்லை.

"அவளைப் பாருங்கோ அன்ரி, வேர்க்குதெல்லோ?"

"வெயிலுக்குள்ளால நடந்து வந்தவள். வேர்க்காமல் என்ன செய்யும்? பிள்ளை, இந்தச் சாக்கில இரு. என்ட வீட்டில பாவக்காய்ச் சாறு இருக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."

இருக்கிற சீனியையும் இறக்கக்கூடிய ஒன்றை அன்போடு ஊற்றிக் கொடுக்கப்போகிறார். ஓட்டோ மரைன் டிரைவில் ஏறியிருந்தது. முன்னால் ஒரு லொறி பின்பக்கமாக வந்து, யாரோ ஒருவர் அதற்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

ஆரணியின் பேச்சு மாறத் தொடங்கியது. சீனி மிகவும் இறங்கினால் மூளைக்குப் பசி எடுக்கும். பிள்ளை குடித்தவரைப்போலப் பேசும். இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கும் சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லி வைக்கவில்லை.

"அன்ரி," என்றாள் மெதுவாக, "உங்கட தலையில ஒரு பூனை படுத்திருக்கு."

அன்ரி கொண்டை போட்டிருப்பார். "பாத்தீரோ தம்பி," என்றார் என்னிடம், "வாய்க்கொழுப்பை!"

"பூனைக்கு ஒரு டொபி குடுங்கோ," என்றாள் ஆரணி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு கேட்டு அறிந்ததுதான். அவள் இருந்த சாக்குக்குப் பக்கத்தில் வாய் திறந்த சீனிச் சாக்கு ஒன்று இருந்திருக்கிறது. இரண்டு கையையும் அதற்குள் விட்டு அள்ளி வாய்க்குள் திணித்திருக்கிறாள். மனோ அன்ரி பாய்ந்து அவளுடைய வாய்க்குள் விரலை விட்டுச் சீனியைத் தோண்டி எடுக்கப் பார்த்திருக்கிறார். நானா நடுவில் புகுந்து, யாரைத் தடுப்பது என்று தெரியாமல் இருவரையும் தடுத்திருக்கிறார். அந்த அமளியில் தொலைபேசி அவள் கையிலிருந்து விழுந்தது.

மைசூர்ப் பருப்புச் சாக்குக்குள் விழுந்தது.

என் திரை முழுக்கப் பருப்பு. செம்மஞ்சள் நிறத்தில், மிகவும் கிட்டத்தில், ஒவ்வொரு பருப்பும் தனித்தனியாக. சத்தம் எல்லாம் பருப்புக்கு அப்பால், மூட்டைக்குள்ளிருந்து வருவதுபோல. ஏதோ விழுந்தது. யாரோ "யா அல்லாஹ்" என்றார்கள். பிறகு ஒன்றும் இல்லை.

ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தவர், திரும்பி எட்டி என் தொலைபேசியைப் பார்த்தார். ஒரு ஆள் அழுதுகொண்டு பருப்பைப் பார்க்கிறான்.

"மாத்தயா," என்றார் சிங்களத்தில். "பரிப்புத?"

"ஓவ்," என்றேன். "பரிப்பு."

அவர் லொறியைச் சுற்றி நடைபாதையில் ஏற்றி ஓட்டினார்.

நீங்கள் ஒருநாள் இப்படி ஒரு இடத்தில் நிற்பீர்கள், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். சென்சர் எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் நான் பருப்பை விட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போக வேண்டும். எண் இருக்கிறதா, ஏறுகிறதா, அதுதான் பத்து வருடமாக என் உலகம். ஆனால் அந்த எண் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். இரத்தத்தில் நடப்பது அதற்குத் தெரியக் கொஞ்ச நேரம் எடுக்கும். இப்போது நடப்பது பருப்புக்கு அப்பால் நடக்கிறது. விரல் அந்த எண்ணைத் தொடப் போனது. கையை இழுத்துக்கொண்டேன். பருப்பையே பார்த்துக்கொண்டு, காதைக் கொடுத்துக்கொண்டு போனேன். முதல்முறையாக எண்ணை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் பிள்ளையின் சத்தம் வரவில்லை.

வெள்ளவத்தை வரும்வரை வரவில்லை.

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போது பருப்புக்குள்ளிருந்து அவளுடைய குரல் வந்தது. களைத்த, தெளிவான, கோபமான குரல்.

"அன்ரி, விரலை எடுங்கோ. இல்லாட்டி மற்றதையும் கடிப்பன்."

என் மகள் இவ்வளவு மரியாதைக்குறைவாக ஒரு பெரியவரிடம் பேசி நான் கேட்டதில்லை. அதைவிட இனிமையான ஒன்றையும் கேட்டதில்லை.

கடைக்குள் போனபோது அவள் அரிசிச் சாக்கில் சாய்ந்திருந்தாள். முகம், கழுத்து, பாடசாலைக் கழுத்துப்பட்டி எல்லாம் சீனி. பக்கத்தில் மனோ அன்ரி சுட்டுவிரலைக் கைக்குட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நேராக இருந்தார். பாரூக் நானா மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். சத்தியம் முறிந்ததா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் கொடுக்கவில்லை, ஆனால் அவருடைய கடைச் சீனிதான்.

"தம்பி," என்றார் அன்ரி, "உம்மட சொல்லை நான் காப்பாத்தினனான். கடைசி மட்டும்."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். பாராட்டை எதிர்பார்க்கும் முகம். இந்தப் பிள்ளைக்காக அவர் ஒரு விரலைக் கொடுத்திருக்கிறார். திட்டுவதற்கு வாய் திறந்தவன், திட்டவேண்டியவர் இவரில்லை, சற்றுமுன் ஓட்டோவில் வந்து இறங்கியவர்தான் என்று விளங்கி, "ஓம் அன்ரி. நல்லாக் காப்பாத்தினீங்கள்" என்றேன். அதோடு வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டேன்.

நானா ஓடிப்போய் ஒரு சிவப்புச் சோடாவை உடைத்து என் கையில் வைத்தார். "குடிங்க சேர், குடிங்க. முகம் வெளுத்தீக்கிது." ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. ஆரணியின் விரலில் குத்திப் பார்த்தார்கள். ஏறிவிட்டது, இனி ஏதாவது சாப்பிடட்டும் என்றார்கள். பிறகு மனோ அன்ரிக்கு மருந்து கட்டி, காயம் விஷமாகாமல் ஏற்பூசி போடச் சொன்னார்கள். அன்று அம்புலன்ஸ் ஆட்களிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டது அவர் ஒருவர்தான். கடித்தது என்ன என்று அவர்கள் கேட்டதற்கு, "மாணவி" என்றார்.

பின்னேரம் மனைவி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடியும்வரை கைப்பையைக் கீழே வைக்கவில்லை. முடிந்ததும் என்னை நோக்கிக் கையை நீட்டினாள். நான் சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி ஆரணியிடம் கொடுத்தாள்.

"அப்பா," என்றாள் ஆரணி, "கோவிக்காதேங்கோ. இந்த வேலை இனி உங்களுக்குச் சரிவராது."

"நான் விதியைத் திருத்துறன், பிள்ளை. ஒரு விலக்கு வரி போட்டால்..."

"விதியில்லை அப்பா. இது எனக்கு வந்த வருத்தம். உங்களுக்கு வந்ததெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்."

சாவியை இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டாள். அவளும் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அந்தப் பயம் முழுவதும் என் சொத்து என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் எங்கள் வீட்டு மண்டபத்தில் ஒரு வகுப்பு வைத்தாள். மனோ அன்ரி, நானா, பிறந்தநாளில் சுவரைப் பார்த்து நின்ற பிள்ளைகள், கோயில் ஐயர்கூட வந்தார். எனக்குக் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை. வேர்த்தால், நடுங்கினால், விசர்க்கதை கதைத்தால், முதலில் இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கோ, பிறகு கேள்வி கேளுங்கோ என்றாள். எழும்பாமல் விழுந்து கிடந்தால் வாய்க்குள் ஒன்றும் ஊற்றாதேங்கோ, அம்புலன்சுக்குச் சொல்லுங்கோ என்றாள். வாய்க்குள் விரலும் விடாதேங்கோ என்றபோது எல்லோரும் ஒரு பக்கம் பார்த்தார்கள்.

மனோ அன்ரி கட்டுப்போட்ட விரலை உயர்த்தினார். "நீ சும்மா நேரத்திலயும் விசர்க்கதைதானே கதைக்கிறாய். நாங்கள் எப்பிடிப் பிரிச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"பிரிக்க வேண்டாம் அன்ரி. சந்தேகமெண்டால் குடுங்கோ. கூடினால் நான் ஊசி போட்டு இறக்குவன்."

இப்போது நிலைமை தலைகீழ். ஆரணிக்குத் தும்மல் வந்தாலும் மூன்றாம் தட்டிலிருந்து சோடா வருகிறது. நானா குளிர்சாதனப் பெட்டியில் ஒரு போத்தலை அவளுக்கென்று ஒதுக்கி, கடைக்கு வரும் வேறு பிள்ளைகள் கேட்டால் ஏசி அனுப்புகிறார். எங்கள் சாப்பாட்டு மேசையில் சீனிக் கிண்ணம் திறந்து இருக்கிறது. பல வருடமாக எங்கள் வீட்டைக் கைவிட்டிருந்த எறும்புகள் திரும்பி வந்துவிட்டன. மனைவி விரும்பிய நேரம் தேத்தண்ணீர் குடிக்கிறாள். வீட்டில் மைசூர்ப் பருப்பு மட்டும் நான் இல்லாத நாளில்தான் சமைக்கிறார்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களே, நீங்களும் ஊருக்கு விதி சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் உங்கள்மேலும் பிள்ளைமேலும் அன்புள்ளவர்கள் நீங்கள் சொன்னதை எழுத்துக்கு எழுத்துச் செய்வார்கள். அதனால் சொல்லும்போது, என்ன செய்யக்கூடாது என்பதோடு நின்றுவிடாதீர்கள். ஏன் என்பதையும் சொல்லுங்கள். எப்போது அதை மீற வேண்டும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மீறச் சொல்வதுதான் தொண்டைக்குள் சிக்கும். அதனால்தான் அதை முதலில் சொல்ல வேண்டும்.

ஓய்வு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். மோசம். ஆரணி என் தொலைபேசியிலிருந்து எண்களை எடுத்துவிட்டாள். மிகவும் இறங்கினால் வரும் சத்தத்தை மட்டும் விட்டிருக்கிறாள். புதுக்கடையில் யாருடைய தொலைபேசி கத்தினாலும் என் கையிலிருந்து பேனை விழுகிறது. ஒருநாள் உண்மையாகவே ஒரு ஆடு கத்தியது. அதற்கும் விழுந்தது.

போன வாரம் அவளுடைய வலைப்பந்து அணி காலி நகருக்குப் போட்டிக்குப் போனது. இரண்டு நாள். நான் கேட்காமலே அவள் சொன்னாள், வில்லைகள் நிறைய இருக்கின்றன, இன்சுலின் குளிர்ப்பையில் இருக்கிறது, பொறுப்பாசிரியைக்கு எல்லாம் தெரியும் என்று. வெள்ளவத்தை ஸ்ரேஷனுக்கு வழியனுப்ப வரலாம், கதைக்கக்கூடாது என்பது நிபந்தனை.

ரயில் வந்து, பிள்ளைகள் ஏறி, யன்னலோரம் இடம் பிடித்தார்கள். ஆரணிக்குப் பக்கத்தில் அவளுடைய சிநேகிதி தஸ்னீம். ரயில் புறப்படப் பச்சைக்கொடி காட்டினார்கள். நான் என்னை அறியாமலே யன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்துவிட்டேன்.

"தஸ்னீம் மகள், ஒண்டு சொல்லுறன், கவனமாக் கேளும். என்ன நடந்தாலும் சரி, ஆர் சொன்னாலும் சரி..."

ஆரணி என்னைப் பார்த்தாள். வசனத்தின் பாதியில் நின்றேன். தஸ்னீம் கண்ணை விரித்து மீதிக்காகக் காத்திருந்தாள். பின்னால் நின்ற மற்றப் பெற்றோரும் காத்திருந்தார்கள்.

"...யன்னலுக்கு வெளியில கை நீட்டக்கூடாது," என்றேன்.

"ஓம் அங்கிள்," என்றாள் தஸ்னீம், சத்தியம் செய்வதுபோல.

ரயில் நகர்ந்தது. மேடை முடிகிற இடத்தில் ஆரணி தோள்வரை கையை வெளியே நீட்டி ஆட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திருப்பிக் கையசைத்தேன்.